வாசிப்பு இயக்க நூல்களும் பாடத் திட்டமிடலும்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் படக்கதை நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் அமைந்தவை. வகுப்பைப் பார்க்காமல் குழந்தையின் வாசிப்புத் திறனைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்க இப்பகுப்பு இடமளிக்கிறது. இதுவே இவற்றின் முதன்மையான பலம். தொடக்க நிலை நூல்களில் சொற்கள் குறைவு. கதையின் பெரும்பகுதியைப் படமே சொல்கிறது.

நிலைப்பெயர் மொழியின் எளிமையைக் காட்டுமே தவிர, படம் குழந்தைக்குப் பழக்கமானதா என்பதைக் காட்டாது. வடக்குத்தில் முந்திரித் தோப்பையும் நெய்வேலிச் சுரங்க மண்மேட்டையும் பார்த்து வளரும் குழந்தை, கடற்கரைப் படத்தைப் பற்றிப் பேசச் சொல்லின்றித் திணறலாம். ஆகவே படம் பார்த்துப் பேசுதல், அடுத்து நிகழ்வதை ஊகித்தல், வாசித்தல், எழுதுதல் என்ற வரிசையே பாடத்திட்டத்துக்குப் பொருந்தும். எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தொடங்கினால் படம் வெறும் அலங்காரமாகிவிடும். கதை இன்னொரு தேர்வாகிவிடும்.