சொற்களையும் சற்று வடிகட்டுவோம்

உப்பு நீரிலிருந்து தூய நீரைப் பெறும் முறை யாது என்று கேட்டால், 'வடிகட்டுதல்' என்று விடை எழுதும் மாணவர் பலர். கரைந்துவிட்ட உப்பு வடிதாளில் தங்குவதில்லை. ஆயினும் பிழை முழுவதும் மாணவருடையதன்று. வடிகட்டுதல், காய்ச்சி வடித்தல் என்று இருவேறு செயல்களையும் 'வடி' என்னும் ஒரே சொல்லால் நாம் குறிக்கிறோம்.

இதைக் காட்டி, 'ஆங்கிலச் சொற்களே தெளிவானவை' என்று வாதிடுவோர் உண்டு. அது சரிதானா? அச்சொற்களின் பிறப்பைப் பார்ப்போம்.

'ஃபில்டர்' என்பதன் மூலம் இடைக்கால இலத்தீனின் 'ஃபில்ட்ரம்'. கம்பளி மயிரை அழுத்திச் செய்த துணி என்பதே அதன் பொருள். அத்துணியில் நீர்மங்களை வடித்ததால் கருவியின் பெயர் செயலுக்கு வந்தது. தெளிந்த நீரை இறுப்பதைக் குறிக்கும் 'டிகாண்ட்' என்னும் சொல்லில் இருப்பது 'காந்துஸ்', அதாவது பாத்திரத்தின் விளிம்பு. 'டிஸ்டில்' என்பதில் இருப்பது 'ஸ்டில்லா', அதாவது துளி. துளித்துளியாகக் கீழே இறங்குதல் என்பதற்கு மேல் அச்சொல் ஒன்றும் சொல்லவில்லை. ஆவியாதலும் அதில் இல்லை, குளிர்தலும் இல்லை. நம் 'காய்ச்சி வடித்தல்' பாதிச் செயலையாவது கூறிவிடுகிறது!

எனவே இலத்தீன் வேரை அப்படியே பெயர்ப்பதும் பயன் தராது. 'சென்ட்ரிஃபியூஜ்' இதற்கு நல்ல சான்று. இலத்தீனில் 'சென்ட்ரம்' மையம், 'ஃபுகெரெ' ஓடிப்போதல். 1673இல் வெளிவந்த தம் நூலில் மையத்தை விட்டு ஓடும் விசையைப் பற்றி ஹைகன்ஸ் எழுதினார். 1687இல் வெளிவந்த நூலில் நியூட்டன் மையத்தை நோக்கும் விசையை முதன்மைப்படுத்தினார். நாமோ முன்னதைப் பெயர்த்து, கருவிக்கு 'மைய விலக்கி' என்று பெயரிட்டோம். மையம் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது என்று மாணவர் எண்ணிவிடுகிறார். அப்படியானால், பாலைச் சுழற்றும்போது பாலேடு ஏன் மையத்தை நோக்கி வருகிறது? அடர்த்தி மிகுந்த பகுதி வெளிப்புறம் சேர, அடர்த்தி குறைந்த கொழுப்பு உட்புறம் ஒதுங்குகிறது. பிரிப்பது அடர்த்தி வேறுபாடு. சொல் அதை மறைத்துவிடுகிறது.

நம்மிடம் நல்ல சொற்களும் உண்டு. 'வீழ்படிவு' என்றதுமே, கரைசலிலிருந்து திண்மம் வீழ்ந்து படிவது கண்முன் நிற்கிறது. 'பதங்கம்' சித்த மருத்துவத்திலிருந்து வேதியியலுக்கு வந்த சொல். அதற்கு இலத்தீன் துணை தேவைப்படவில்லை.

சொல்லின் வரலாறு சுவையானது. ஆனால் அது இலக்கணம் ஆகாது. ஆகவே மாணவர்கள் ஒவ்வொரு முறையைப் படிக்கும்போதும், 'இம்முறை எந்த வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கிறது?' என்று கேட்டுக்கொள்வது நலம். வடிகட்டுதலுக்குத் துகளின் பருமன், சுழற்றிப் பிரித்தலுக்கு அடர்த்தி, காய்ச்சி வடித்தலுக்கு ஆவியாகும் தன்மை. இந்த விடை தெரிந்தவரை எந்தச் சொல்லும் ஏமாற்றாது.