வரிசையில் நிற்கும் கறுப்பு உருவம்

ஃபிரிட்ஸ் ஐக்கன்பர்கின் 'ரொட்டி வரிசைக் கிறிஸ்து' என்னும் மரச்செதுக்குப் படத்தில் குளிரை உடம்புகள்தான் சொல்கின்றன. ஒடுங்கின தோள், குனிஞ்ச தலை, இழுத்துப் போர்த்தின பழந்துணி. இலவச ரொட்டிக்குக் காத்து நிற்கிற அமெரிக்க ஏழைகள். அவர்களுக்கு நடுவில், தன் முறைக்குக் காத்துக்கொண்டு, இயேசு.

ஐக்கன்பர்க் 1901இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். டோரதி டே நடத்திய, ஒரு சென்ட் விலைக்கு விற்ற 'கத்தோலிக்கத் தொழிலாளி' பத்திரிகைக்குக் கூலி வாங்காமல் படம் செதுக்கினார். 1950களின் தொடக்கத்தில் வந்த இந்தப் படமும் அந்த உறவில் பிறந்ததுதான்.

கறுப்பு என்றால் துயரம், வெள்ளை என்றால் நம்பிக்கை என்று நம்ம விமர்சகர்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். இந்தக் கலையின் வேலைமுறையைப் பார்த்தாலே அது நிற்காது. கெட்டியான மரத்தை உளியால் கீறுகிறார்கள். கீறின இடம் வெள்ளையாக விழும். கைபடாத மரம் மையை வாங்கிக் கறுப்பாகப் பதியும். அப்படியென்றால் கறுப்புதான் மரத்தின் சொந்த உடம்பு, வெள்ளை அதில் விழுந்த காயம். சுற்றி நிற்பவர்களின் சுருக்கத்திலும் துணிமடிப்பிலும் அந்தக் கீறல்களைப் பார்க்கலாம். இயேசுவோ முகம் தெரியாத கறுப்பு நிழலுரு. வெளிச்சமெல்லாம் அவருக்குப் பின்னால். வெள்ளைத் தோலும் நீலக்கண்ணுமாகக் காலண்டரில் தொங்குகிறாரே, அந்த ஆளா இவர்?

ரொட்டி கொடுக்கிற கை படத்தில் இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். தருமப் படங்களிலெல்லாம் கொடுக்கிறவர் நடுநாயகமாக நிற்பார், வாங்குகிறவன் ஓரத்தில் கும்பிட்டுக்கொண்டு இருப்பான். இங்கே வாங்குகிறவர்கள் மட்டும்தான். தமிழ்நாட்டுத் தலித் கிறித்தவர்களுக்கு இந்த வரிசை வேறு மாதிரியும் உறைக்கும். கோயிலில் தனி இடம், செத்தால் தனிக் கல்லறை. நற்கருணைக்கும் பல ஊர்களில் ஊர்த்தெரு வாங்கி முடித்த பிறகுதான் சேரித்தெரு வாங்கியது. இந்தப் படத்தை அந்தப் பீடத்தில் மாட்டியிருந்தால் எந்த வரிசையைக் காட்டி வைத்திருப்பார்கள்?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தலையைச் சுற்றி அந்த ஒளி. அது இல்லாவிட்டால் அவரை அடையாளம் தெரியாது என்பது சரிதான். ஆனால் அது வந்ததும் காத்திருப்பே புனிதமாகிவிடுகிறது. அவ்வளவு பணக்கார நாட்டில் ரொட்டிக்கு எதுக்கு வரிசை என்று கேட்க வாயெடுத்தவன், ஒளியைப் பார்த்துக் கைகூப்பிவிடுகிறான். அந்த இடத்தில் உளி படாமலே விட்டிருக்கலாம்.