ஏழு வருஷ ஒப்பந்தம், எட்டு ஆட்டம்: பிட்சருக்கு ஏலம் கேட்கலாமா?

விலையுயர்ந்த பிட்சரை வாங்கலாமா என்று பேஸ்பால் ரசிகர்களிடம் கேட்டால் உடனே ஒரு பெயர் வரும்: ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க். 2019 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அந்த டிசம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரோடு 7 ஆண்டு, 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதன் பிறகு அவர் ஆடியது மொத்தமே 8 ஆட்டம். ஆட்டத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல்! மேஜர் லீகில் ஒப்பந்தத் தொகை உத்தரவாதமானது. காயம் பட்டாலும் கொடுத்தே ஆகணும்.

"பிட்சரோட தோளை நம்பி யாராவது இவ்வளவு பணம் போடுவாங்களா?" என்பது வழக்கமான முடிவு. இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கு.

ஒன்று, இதே நேஷனல்ஸ் 2015 ஜனவரியில் மேக்ஸ் ஷெர்சருக்கு 7 ஆண்டு, 21 கோடி டாலர் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 30. 2016, 2017 இரண்டு வருஷமும் சை யங் விருது வாங்கினார். 2019இல் அணி முதல் பட்டம் வென்றபோது கடைசி ஆட்டத்தைத் தொடங்கியதும் அவர்தான்.

இரண்டு, ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தமான அதே வாரம், அதே அணியின் பேட்டர் ஆந்தனி ரெண்டனை ஏஞ்சல்ஸ் எடுத்தது. அதே 7 ஆண்டு, அதே 24.5 கோடி. ஏஞ்சல்ஸுக்காக எந்த வருஷமும் அவர் 60 ஆட்டத்தைத் தொடவில்லை. முழு சீசனுக்கு 162 ஆட்டம். இத்தனைக்கும் அவர் பந்து வீசுபவர் இல்லை.

ஆக, பிரச்சினை தோளில் மட்டும் இல்லை, விலை போடும் விதத்திலும் இருக்கு. ஆறு வருஷ லீக் சர்வீஸ் முடிந்தால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். அதற்குள் வயது முப்பதை நெருங்கிவிடும். அணி பார்ப்பது போன வருஷ ஆட்டத்தை, வாங்குவது வரப்போகும் வருஷங்களை. ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் எல்லாரையும் விட அதிகமாக மதிப்பிட்டவராகத்தான் இருப்பார் என்று எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து மூன்று பொறியாளர்கள் 1971லேயே எழுதினார்கள். 'வென்றவனின் சாபம்' என்று இதற்குப் பெயர்.

ஸ்ட்ராஸ்பர்க் கணக்கைப் பாருங்க. அவர் கையில் ஏற்கெனவே 4 ஆண்டு, 10 கோடி டாலர் ஒப்பந்தம் மீதி இருந்தது. அதை விட்டு வெளியே வந்துதான் புதுசு போட்டார். நேஷனல்ஸ் கூடுதலாகப் பெற்றது 3 வருஷம், அதுவும் 35 வயதுக்கு மேல். கூடுதலாகக் கொடுத்தது 14.5 கோடி. அந்த அக்டோபரில் 5 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை. அந்த ஒரு மாதத்துக்கான விலை இது.

அப்போ ஏலம் கேட்கலாமா? பட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அணி தாராளமாகக் கேட்கலாம், ஷெர்சர் அதற்குச் சாட்சி. ஆனால் முதல் நான்கு வருஷ ஆட்டத்துக்கு மட்டும் விலை போடணும். கடைசி மூன்று வருஷத்தைப் பொருள் பழுதான பிறகும் கட்டும் தவணையாக நினைச்சுக்கணும். அந்த மொத்தத் தொகை கட்டுப்படியானால் சரி. உச்ச வரம்பை ஏலத்துக்கு முன்பே எழுதி வைக்கணும், உலகத் தொடர் ஜெயித்த கையோடு இல்லை. வேற அணி அதைத் தாண்டினால் விட்டுடணும்.