நீர்க்குறியும் 'உப்பு' என்னும் சொல்லும்

தேரையர் பெயரால் வழங்கிவரும் மருத்துவ நூல்களுள் நீர்க்குறி, நெய்க்குறி கூறும் பகுதியைத் தமிழாசிரியர் பலர் படித்திரார். மருத்துவர்க்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உடையோர் அதனை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். நோயாளியின் சிறுநீரை நோக்குவோன் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தையும் வேறு வேறாகக் காணவேண்டும் என்கிறது அந்நூல். ஐந்துக்கும் ஐந்து பெயர். ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு இட்டு மயக்கவில்லை.

இன்று நம் வழக்கு எவ்வாறு உளது? சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கழிந்தால் 'நீரில் உப்பு' என்கிறோம். இரத்தத்தில் யூரியா மிகுந்தால் உப்பு. கிரியாட்டினின் ஏறினாலும் உப்பு. யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரல் வீங்கினால் அதுவும் உப்பு. சமையற்கட்டு மரவையில் இருப்பதும் உப்பு!

செராஸ் வட்டாரத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி நெடுநாளாயிற்று. ஆயினும் அங்கே பால்மரம் வெட்டிய பெரியவர்கள், மருத்துவமனைத் தாளைப் படித்துக் காட்டும்படி பள்ளி ஆசிரியரிடம் வருவது இன்னும் நிற்கவில்லை. அப்படி வந்த ஒருவரின் தாளில் மலாய்மொழியில் 'அசிட் யூரிக்' என்று இருந்தது, எண் 560. "உப்பு கூடியிருக்கிறது, ஐயா" என்றேன். அவர் அன்றே உப்பை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கஞ்சியிலும் உப்பில்லை. ஆனால், உப்பிடாமல் வைத்த மத்திமீன் குழம்பும், ஆட்டு ஈரலும், மாலையில் ஒரு பியரும் மட்டும் நிற்கவில்லை. 'உப்பு' என்று சொன்னவன் நான். அவர் சொன்னபடி நடந்தார். மறுபடியும் விரல் வீங்கி அவர் நொண்டிக்கொண்டு வந்தபோதுதான் என் பிழை எனக்குப் புலப்பட்டது.

யூரிக் அமிலம் என்பது பியூரின் என்னும் பொருள் சிதைந்து முடிவில் எஞ்சும் கழிவு. பியூரின் நம் உடலின் உயிரணுக்களிலேயே உண்டு. ஈரல், மத்தி, நெத்திலி போன்றவற்றால் மேலும் சேர்கிறது. அக்கழிவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. பெரும்பாலான பாலூட்டிகள் இதனை மேலும் உடைத்துக் கரையச் செய்துவிடும். அதற்குரிய நொதியம் மனிதனுக்கும் மனிதக்குரங்குகளுக்கும் இல்லை. இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோலைக் கடந்தால் அது ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டுகளில் தங்கக்கூடும். யூரியாவின் கதை வேறு: புரதக் கழிவைக் கொண்டு ஈரல் ஆக்குவது அது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அல்புமினோ கழிவே அன்று. உடலில் நிற்கவேண்டிய பொருள், சிறுநீரக வடிகட்டி பழுதுற்றமையால் ஒழுகுகிறது.

மூட்டில் படிவது சோடியம் யூரேட். வேதியியல் நோக்கில் அதுவும் ஓர் உப்பே அன்றோ என்று அறிவியலாசிரியர் வினவலாம். உண்மையே. ஆனால் அந்த நுட்பம் அடுப்படிக்கு எட்டுவதில்லை. சிறுநீரக நோயும் இரத்த அழுத்தமும் உடையோர்க்குக் கறியுப்பையே குறைக்கும்படி மருத்துவர் மெய்யாகவே சொல்கின்றனர். அதனால் மயக்கம் இரட்டிக்கிறது.

நிற்க. தேரையரைப் பாராட்டினேன் என்பதற்காக, யூரிக் அமிலத்தை அவர் அன்றே கண்டார் என்று எழுதத் துணியேன். அவ்வாறு எழுதுவோர் நம்மிடை உளர். நூலுக்கு அவர்கள் செய்வது நன்மையன்று. சிறுநீரில் இட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பது நெய்க்குறி. அது வடிவத்தை நோக்கியது, பொருளைப் பிரித்தெடுக்கவில்லை. சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தவர் சீலே, ஆண்டு 1776. மூட்டுவீக்க நோயர் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை 1848-இல் காட்டியவர் இலண்டன் மருத்துவர் காரொட். பின்னர் அவர், இரத்தத்தின் தெளிநீரில் புளிக்காடியமிலம் சேர்த்து ஒரு நூலிழையை இட்டு வைத்தார். படிகங்கள் இழையில் ஒட்டிக்கொண்டன. எண்ணெய்த் துளியையும் நூலிழையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் மாணவர்க்கு எத்துணைச் சுவையான பாடம்!

யூரிக் அமிலம், யூரியா என்னும் சொற்களை அப்படியே ஆளலாமா? ஆளலாம் என்பேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன், 1875-இல் வெளிவந்த தம் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். பெயர் வேற்றுமொழியாயினும் பொருள் மயங்கவில்லை.

அல்புமினை 'வெண்கருப் புரதம்' என்று சொல்லிப் பார்த்தேன். முட்டை வெண்கரு வெந்தால் கட்டுவதுபோல், அது மிகுந்த சிறுநீர் சூட்டில் கலங்கும் என்றதும் பெரியவர்களுக்கு விளங்கிவிட்டது. கிரியாட்டினினுக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. இப்போதைக்குத் 'தசைக்கழிவு' என்று சொல்லிவருகிறேன், மனம் ஒப்பவில்லை. இதனினும் தக்க சொல் உடைய ஆசிரியர்கள் இப்பகுதிக்கு எழுதுக.