ஐம்பது மாநிலக் கணக்கும் கவாயின் மேடுகளும்

அமெரிக்காவில் மாரத்தான் ஓடுகிறவர்களுக்குள் ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவர்களுக்குக் கடிகாரத்தைவிட வரைபடம் முக்கியம். மாநிலத்துக்கு ஒன்று என்று ஐம்பது மாரத்தான், ஒவ்வொன்றும் 42.195 கிலோமீட்டர். பத்து மாநிலமாவது முடித்திருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும் சங்கமே இருக்கிறது. டீன் கர்னாஸஸ் 2006-இல் ஐம்பதையும் ஐம்பதே நாளில் ஓடினார். கடைசி நாளில், 49 மாரத்தான் ஓடிய கால்களோடு, நியூயார்க்கை 3 மணி 30 விநாடியில் முடித்தார். அது தனி ரகம். மற்றவர்கள் லீவு, பிள்ளைகளின் படிப்பு, விமானக் கட்டணம் எல்லாவற்றையும் சமாளித்து, ஆண்டுக்கு மூன்று நான்கு மாநிலம் என்று மெல்லக் கடக்கிறார்கள்.

எல்லா மாநிலமும் காலை ஒரே மாதிரி சோதிப்பதில்லை. சிகாகோ தட்டையான பாதை; இல்லினாய்ஸைச் சுலபமாக முடித்துவிடலாம். ஹவாய்க்குக் கவாய் தீவைத் தேர்ந்தெடுத்தால் கதையே வேறு. செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் ஓட்டம் அது. தென்கரையில் போய்ப்பூவில் விடியும் நேரத்தில் புறப்பட்டு, சீக்கிரமே மலுஹியா சாலையின் மரக் குகைக்குள் நுழையும். இருபுறமும் நின்று மேலே கைகோத்துக் கிடக்கும் தைல மரங்கள், நூறாண்டுக்கு மேல் வயதானவை. அந்த நிழலில் உடம்பு லேசாக இருக்கும். கால் தானாக வேகமெடுக்கும். அரை மாரத்தான்காரர்கள் பிரிந்து போன பிறகுதான் முழுத் தூரக்காரர்களுக்கு உண்மையான பாதை தொடங்குகிறது. லாவாய், கலாஹேயோ பக்கம் மேடு, பள்ளம், மறுபடி மேடு. மொத்த ஏற்றம் 600 மீட்டருக்கும் மேல். அதற்குள் சூரியன் மேலே வந்துவிடும். கடல் காற்று இருந்தாலும் புழுக்கம் விடாது.

வெயிலும் மேடும் தனித்தனியே வந்தால் சமாளிக்கலாம். சேர்ந்து வரும்போது ஒன்று மற்றொன்றைப் பெருக்கிவிடுகிறது. ஓடும்போது உடம்பு செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் அது ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டி ரோட்டில் விழும். அப்படிச் சொட்டும் வியர்வையால் உடம்பு குளிராது. தோலைக் குளிர்விக்கவும் தசையை இயக்கவும் ஒரே இரத்தம்தான் பங்கு போகிறது. அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். மேட்டில் இன்னொரு இழப்பு இருக்கிறது. உழைப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது. ஓடுகிறவர் தன் வேகத்தால் தனக்கே உண்டாக்கிக்கொள்ளும் காற்றும் நின்றுபோகிறது. முதுகுப் பக்கமிருந்து காற்றடித்தால் அந்த ஏற்றத்தில் அடுப்படியில் நிற்பதுபோலத்தான்.

இறக்கம் வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டுக் காலை அவிழ்த்து விடுகிறார்கள். ஐம்பது மாநிலக்காரருக்கு இதுதான் பெரிய செலவு என்பேன். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தசைநார்களில் நுண்ணிய சேதம் விளைவது அங்கேதான். அதன் வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தெரியும், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினால் தேவலை என்று தோன்றும் அளவுக்கு. வருடத்துக்கு ஒரு மாரத்தான் ஓடுகிறவருக்கு அது பொருட்டில்லை. இரண்டு வாரத்தில் நெப்ராஸ்காவோ ஐயோவாவோ காத்திருக்கிறவருக்கு, இறக்கத்தில் மிச்சப்படுத்திய இரண்டு நிமிடத்தால் அந்த ஓட்டமே கெட்டுவிடும். ஆகவே ஏற்றத்தில் கூச்சப்படாமல் நட, இறக்கத்தில் எட்டு வைப்பதைச் சுருக்கு, தண்ணீர்ப் பந்தலில் நின்று குடி, தொப்பிக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பு. தண்ணீரையும் தாகத்துக்குத்தான் குடிக்க வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். அளவுக்கு மீறிக் குடித்ததுதான் காரணம்.

வெயில் நாளில் எப்படி ஓடுவது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2012 பாஸ்டன் ஓட்டத்தை. ஏப்ரல் 16, வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. உடல்நிலையில் சந்தேகம் இருப்பவர்கள் ஓட வேண்டாம், அடுத்த ஆண்டு வரலாம் என்று அமைப்பாளர்களே சொல்லிவிட்டார்கள். முன்னணிக் கூட்டம் வேகம் கூட்டியபோது வெஸ்லி கோரிர் அவர்களைப் போகவிட்டார். நீர் குடிப்பதில்தான் கவனம் வைத்திருந்தார். பின்னால் போய்விட்டார் என்று பார்த்தவர்கள் நினைத்த மனிதர், நியூட்டன் மேடுகளில் மற்றவர்கள் வாடத் தொடங்கியதும் ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிப் பகுதியில் லெவி மட்டேபோவையும் முந்தி வென்றார். நேரம் 2:12:40. முந்தைய ஆண்டு அதே பாதையில் ஜெஃப்ரி முட்டாய் ஓடியது 2:03:02. அன்று முதுகுக் காற்றும் துணை நின்றது. உலகின் மேல்தட்டு வீரர்களுக்கே இவ்வளவு வித்தியாசம். நான்கரை மணி நேரக்காரர் கவாயில் ஐந்தரை மணி நேரத்தில் வந்தால் அதில் தலைகுனிய என்ன இருக்கிறது?

அதே 2012-இல் முட்டாய் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். நடப்புச் சாம்பியன். வயிற்றுப் பிடிப்பு வந்ததும் 29 கிலோமீட்டர் அளவில் ஓட்டத்தை விட்டு விலகினார். ஐந்து மாதம் கழித்துப் பெர்லினில் 2:04:15-இல் வென்றார்.

மாநிலக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு விலகுவது கஷ்டம். அவர்கள் வேகத்தை விட்டுக்கொடுக்கப் பழகியவர்கள். அந்த வகையில் வெயில் ஓட்டத்துக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. மாநிலத்தைத்தான் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பசிபிக் கடலைத் தாண்டி டிக்கெட் போட்டு வந்திருக்கிறோம், இன்னும் பத்து கிலோமீட்டர்தான், இதை விட்டால் மறுபடி எப்போது வருவோம் என்று மனம் கணக்குப் போடும். குளிரெடுத்து உடம்பு சிலிர்ப்பது, வார்த்தை குழறுவது, நேராக ஓட முடியாமல் தடுமாறுவது எல்லாம் வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். அந்தக் கணக்கின் இரைச்சலில் அவை காதில் விழாது. மாநிலம் எங்கும் ஓடிப்போகாது. அடுத்த ஆண்டும் அதே கடலில் அதே தீவு இருக்கும்.

தடுமாறுகிறவரை என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்று குழப்பமே இல்லை. மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்குதல் வந்தது. உடனே பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. 1904-இல் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம், பிற்பகல் 3 மணி, புழுதிச் சாலை, வரிசையாக மேடுகள். தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே குறைத்திருந்தார்கள். தாகத்தில் கெஞ்சிய தாமஸ் ஹிக்ஸுக்குத் தண்ணீர் மறுத்து, ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சைப் பிராந்தியும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் 3:28:53-இல் தங்கம் வாங்கியதைச் சாதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உயிர் பிழைத்தார். ஓடத் தொடங்கிய 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர்.

நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்குக் கவாய் என்ன பெரிய வெயில் என்று மினசோட்டாவில் குடியேறிய தமிழர் நினைக்கலாம். வெயில் பழக்கம் பிறப்போடு வருவதில்லை. பத்து முதல் பதினான்கு நாள் வெக்கையில் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், அதில் உப்பு குறையும். வெக்கையை விட்டு விலகினால் சில வாரங்களில் இதெல்லாம் கரைந்துவிடும். குளிர்சாதன அறையில் ஓடுபொறியில் பயிற்சி எடுத்தவர் எந்த ஊர்க்காரரானாலும் புதியவர்தான். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரம் நடுப்பகலில் மெதுவாக ஓடிப் பழகுவது எந்தக் காலணியைவிடவும் கைகொடுக்கும்.

ஹவாயை ஐம்பதாவதாக வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு. ஓட்டம் முடிந்ததும் கடற்கரை, குடும்பத்தோடு விடுமுறை. ஆசை நியாயமானதுதான், ஆனால் அதற்குக் கவாய் வேண்டாம். மனைவி மக்கள் எல்லைக்கோட்டில் நிற்க, ‘50’ என்று அச்சிட்ட சட்டையோடு ஓடுகிறவரால் 32-ஆவது கிலோமீட்டரில் தலை சுற்றினாலும் நிற்க முடியாது. ஹோனலூலு மாரத்தான் டிசம்பரில், காலை 5 மணி இருட்டில் தொடங்குகிறது. நேர வரம்பும் கிடையாது. டயமண்ட் ஹெட் மேடு போகும்போதும் வரும்போதும் குறுக்கிடும் என்றாலும், நடந்தே முடித்தாலும் அதே பதக்கம், பட்டியலில் அதே ஒரு மாநிலம். கவாயில் ஓடியே தீர வேண்டும் என்கிறவர்கள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில், அடுத்த ஓட்டத்துக்கு ஐந்தாறு வாரம் இடைவெளி விட்டு, தனியாகப் போய் ஓடிவிட்டு வரட்டும்.