டிசம்பரில் இடம், ஜூன் வரை பாடம்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரை வருடம் இருக்கும்போதே பலருக்குக் கல்லூரி இடம் உறுதியாகிவிடுகிறது. நவம்பர் தொடக்கத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு டிசம்பர் நடுவில் பதில். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மார்ச் கடைசிக்குள். பிளஸ் டூ மதிப்பெண் வந்த பிறகு கலந்தாய்வுக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு இது தலைகீழ் வரிசை. இடம் கிடைத்த பிள்ளை புத்தகத்தை மூடி வைத்தால் அதில் வியப்பு என்ன? ‘சீனியரைட்டிஸ்’ என்று அதற்கு நோய்ப் பெயர் சூட்டிச் சிரிக்கிறார்கள். நோய் பிள்ளைக்கா, நாள்காட்டிக்கா என்பதுதான் கேள்வி.

பள்ளி ஆலோசகர்கள் தருகிற மருந்து மிரட்டல்: மார்க் இறங்கினால் இடம் போய்விடும். பொய்யில்லை. அனுமதி நிபந்தனைக்கு உட்பட்டது. கடைசி மதிப்பெண் பட்டியல் கோடையில் கல்லூரிக்குப் போயாக வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் பெரும்பாலும் வரம்பை எழுதியே வைத்திருக்கின்றன: கடைசி ஆண்டுச் சராசரி 3.0-க்கு, அதாவது பி-க்கு, கீழே போகக் கூடாது, டி, எஃப் வாங்கக் கூடாது, படிப்பதாகச் சொன்ன பாடத்தைக் கேட்காமல் கைவிடக் கூடாது. இது நியாயமான கோடு. ஏ வாங்கிக்கொண்டிருந்தவர் இரண்டு பி வாங்குவது இங்கே குற்றமில்லை. பல தனியார் கல்லூரிகளோ இதுவரை காட்டிய தரத்தைத் தொடர வேண்டும் என்று மட்டும் எழுதுகின்றன. அந்தத் தரம் எங்கே முறிகிறது என்பது அவர்கள் மனத்தில்தான் இருக்கிறது.

எழுதி வைத்த விதியும் தடம் மாறிப் போகலாம். 2017 கோடையில் அதே பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் 499 பேரின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு சேர வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 800 பேர் அதிகம். பறிகொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மீதான புகார் மதிப்பெண் சரிவே அல்ல, மதிப்பெண் பட்டியல் வந்துசேர்ந்ததில் சிக்கல். எதிர்ப்பு கிளம்பியதும் வேந்தர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். மதிப்பெண் தெளிவாகக் குறைந்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு இடம் திரும்பியது. இடம் காலியாக இருந்திருந்தால் இத்தனை கறார் வந்திருக்குமா? வந்திராது என்றே நினைக்கிறேன்.

ஆகவே பயத்தை வைத்துப் படிக்கச் சொல்வது பலவீனமான வாதம். பலமான வாதம் வேறு. ஏப்ரலோடு கால்குலஸை விட்டவர் செப்டம்பரில் அதன் அடுத்த பாடத்தில் உட்காருகிறார். அங்கே யாரும் பழையதை மறுபடி நடத்துவதில்லை. பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான மே மாத ஏ.பி. தேர்வில் 4, 5 எடுத்தால் பல கல்லூரிகளில் ஒரு பாடமே கழியும், அதற்கான கட்டணமும் மிஞ்சலாம்.

எதிர்த்தரப்பையும் தள்ளிவிட முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மார்க், மன்றம், விளையாட்டு, சமூக சேவை என்று விண்ணப்பத்துக்காகவே ஓடிய பதினேழு வயதுக்கு ஓய்வு வேண்டும். மன்றத்தை விடட்டும், ஏ போய் பி வரட்டும். இயற்பியலை நடுவில் விடுவது வேறு: அந்தப் பாடத்தைக் காட்டித்தான் இடம் கேட்டார். டி விழும் என்று தெரிந்தால், காரணத்தோடு முன்னதாகவே கல்லூரிக்கு எழுதிவிடுவது நல்லது.

என் தீர்ப்பு: பாடத்தை முடிக்கவும் எழுதிய வரம்புக்குக் கீழே இறங்காமல் இருக்கவும் மாணவர் கடமைப்பட்டவர், அதே ஏ-க்களைக் காப்பாற்ற அல்ல. எந்த மதிப்பெண்ணில் இடம் போகும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எண்ணாக எழுதாத கல்லூரிக்கு, ஆகஸ்டில் அதைப் பறிக்க உரிமை கிடையாது.