நீர்வண்ண உருவப்படமும் ஒளிநிழற் படிநிலைகளும்

மதுவடிசாலைப் பெண் தொழிலாளியொருவரின் மகனான சுவீடிய ஓவியர் அண்டர்ஸ் சோர்னுக்கு, மாணவப் பருவத்திலேயே புகழ் தேடித்தந்தது 1880இல் ஸ்டொக்ஹோமில் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘துக்கத்தில்’ என்னும் நீர்வண்ண உருவப்படமாகும். கருந்திரையினூடே தெரியும் அப்பெண்முகத்தை உருவாக்குவன நிறங்களைவிட ஒளிநிழற் படிநிலைகளே.

நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே உச்ச ஒளி. மேற்பூச்சு ஒவ்வொன்றும் இருளையே கூட்டும். ஆதலின் பயில்வோர் கண்ணைச் சுருக்கி நோக்கி, முதலில் ஒரே நிறத்தில், நான்கைந்து படிகளாக முகத்தை வகுத்தறிதல் வேண்டும். எப்படியும் அயற்படியுடனான உறவிலேயே பொருள் பெறுகின்றது. இமைமயிரை எண்ணி வரைவது இயற்பண்புவாதம். இவ்வுறவுகளை இனங்கண்டு வரைவதே யதார்த்தவாதம். இங்ஙனம் நோக்கின், பிறவித்திறன் எனப் போற்றப்படும் ஓவியப்பார்வை பயிற்சியுழைப்பின் விளைவு என்பது புலனாகும்.

சோர்னின் திறன் பின்னர் செல்வர்தம் உருவப்படங்களுக்கே பெரிதும் பயன்பட்டது. எனினும் அம்முறை எவரும் கற்கக்கூடியது. எவர் முகத்தையும் வரைய உதவுவது.